அவ சொல்லாத வாசனைகள்

பிப்ரவரி 9

அத்தைக்கு,

மதியம் ரெண்டு பதினேழுக்குச் சொன்னாங்க.

என்ன ஆச்சு, எத்தனை மணிக்கு, யாரு சொன்னா, நீங்க எங்க நின்னுட்டு இருந்தீங்கன்னு, அவளை எடுத்த அன்னிக்கு வீட்ல என்கிட்ட நாலஞ்சு தடவ கேட்டீங்க. அத்தனை பேர் நடுவுல எனக்கு வாய் வரல. அப்புறம் போன் பண்ணிக் கேட்டப்பவும் 'ம்'ங்கறதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அதான் எழுதறேன்.

ரெண்டு பதினேழு. போன்ல தான் சொன்னாங்க. நான் அதே ஆஸ்பத்திரில, ஒரு மாடி கீழ, டீ மிஷின் முன்னாடி நின்னுட்டு இருந்தேன். பேப்பர் கப் பாதி நிறைஞ்சிருந்தது. நர்ஸ், 'சார், கொஞ்சம் மேல வரீங்களா'ன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். 'வாங்க சார்'னு மறுபடி அதையே சொன்னாங்க. அதுலயே தெரிஞ்சு போச்சு. ஆனாலும் கப் நிரம்பற வரைக்கும் நின்னு, எடுத்துட்டுத் தான் மேல போனேன். ஏன் எடுத்துட்டுப் போனேன்னு தெரியல. அவ கட்டில் பக்கத்துல கையில சூடா ஒரு டீயோட நின்னேன். ஒரு நர்ஸ் அதை மெதுவா என் கையில இருந்து வாங்கி ஜன்னல்ல வெச்சாங்க.

முழுசா சொல்லணும்னா, வியாழக்கிழமை காலைல ஏழே கால். பாத்ரூம்ல விழுந்தா. கை கால் வெட்டி இழுத்துது. மாடி வீட்டு டிரைவர் அண்ணன் தான் கார் எடுத்தார். ஒம்பதரைக்கு ஸ்கேன். நெத்திக்குப் பின்னால, மூக்குக்கு நேர் மேல, ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு இருந்துது. கெட்ட ஜாதிக் கட்டி இல்லைன்னார் டாக்டர், வருஷக்கணக்கா மெதுவா வளர்ந்தது, சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா சுலபமா எடுத்திருக்கலாம்னார். சனிக்கிழமை ஆபரேஷன், ஆறு மணி நேரம். ஞாயித்துக்கிழமை கண்ணத் திறந்தா. 'கால்ல கட்டோட அம்மா கிளம்பிடப் போறாங்க, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க'ன்னா. அதைத் தான் உங்களுக்குப் போன்ல சொன்னேன். திங்கட்கிழமை உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ரெண்டு பதினேழு.

இவ்வளவு தான் நடந்தது.

இன்னொண்ணும் உங்ககிட்ட சொல்லணும். இப்ப எழுத வரல. அடுத்ததுல எழுதறேன்.

உங்க மாப்பிள்ளை


பிப்ரவரி 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதறது. லெட்டர் வந்துச்சு. மூணு தடவ படிச்சேன். என்னய்யா இது, ரயில் டைம் டேபிள் மாதிரி எழுதியிருக்கீங்க! ஆனா திட்டறதா நினைக்காதீங்க, எனக்கு அது தான் வேணும். நான் தையக்காரி. அளவு தெரியாம கத்திரியக் கையில எடுக்க மாட்டேன், அழறதுக்கும் எனக்கு அளவு வேணும் போல.

டீ கப்பக் கையில வெச்சுட்டு நின்னதுக்கு வெக்கப்படாதீங்க. எனக்கு நீங்க போன் பண்ணினப்ப நான் சட்டைக்கு பட்டன் காஜா எடுத்துட்டு இருந்தேன். போனை வெச்சேன், மிச்சம் இருந்த பாதிக் காஜாவ முடிச்சேன், நூலக் கடிச்சு அத்தேன், அப்புறம் தான் கத்தினேன். பெரியவ இன்னும் சொல்லிக் காட்டறா, 'தங்கச்சி செத்த சேதி கேட்டு அம்மா பட்டன் தச்சா'ன்னு. சொல்லிட்டுப் போறா. அவளுக்கும் யாரையாவது கடிக்கணும்ல.

சாப்பிடறீங்களா? ஓட்டல்ல வாங்கறீங்களா, நீங்களே பொங்கறீங்களா? உங்க கை சமையல் எப்படின்னு பாப்பா கதை கதையா சொல்லியிருக்கா. பேசாம இங்க வந்து பத்து நாள் இருங்க. கட்டிலத் தட்டி வெச்சிருக்கேன்.

ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது. நீங்க மாசா மாசம் அனுப்பற மூலிகை டீ அலமாரில வரிசையா நிக்குது. புதினா, துளசி, எலுமிச்சைப்புல், சாமந்தி. பாக்கெட் மேல 'ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது, பரிசோதிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. பரிசோதிச்சது நீங்க தானே? பாப்பா தினம் ரெண்டு வேள குடிச்சாளே, அப்புறம் எப்படி மாப்பிள்ளை அவளுக்குக் கட்டி வரும்? இல்ல, அதால தான் வந்துச்சா? பெரியவ தலையில அடிச்சுக்கறா. படிச்சவரு நீங்க சொல்லுங்க, நம்பறேன்.

அப்புறம், எதையோ சொல்லணும்னு எழுதிட்டு நிறுத்திட்டீங்க. ஒரு வாரமா எனக்கு அதே அரிப்பு. பாப்பா முழுகாம இருந்தாளா? அதுவா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. தெரியாம இருக்கறது தான் கொல்லுது.

உங்க அத்தை


பிப்ரவரி 23

அத்தைக்கு,

முழுகாம இல்ல. அது இல்ல.

டீயால வரல. டீ அதைத் தடுக்கவும் இல்ல. எங்க லேப்ல பண்றது என்னன்னா, ஊதா கலர்ல ஒரு கரைசல் இருக்கு. அதுல கொஞ்சம் டீய விட்டா ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரை மணி நேரம் இருட்டுல வெச்சு, எவ்வளவு வெளுத்துதுன்னு அளந்து எழுதுவேன். புதினாவும் துளசியும் சட்டுன்னு வெளுக்க வைக்கும். சாமந்தி சோம்பேறி. அதைத் தான் ஆன்டி ஆக்ஸிடன்ட்னு சொல்றோம். ஆனா அது கண்ணாடிக் குழாய்க்குள்ள நடக்கறது. மனுஷ உடம்புக்குள்ள இப்படித் தான் நடக்கும்னு இதை வெச்சு சொல்ல முடியாதுன்னு ரிப்போர்ட்லயே கடைசி வரில எழுதுவோம். பாக்கெட் அடிக்கறவங்க அந்த வரிய மட்டும் விட்டுடுவாங்க. நீங்க தாராளமா குடிக்கலாம். நல்ல வாசனையா ஒரு சுடு தண்ணி, அவ்வளவு தான்.

அவ வேலை அந்த வாசனை. உங்களுக்கு அவ சரியா சொல்லியிருக்காளோ என்னவோ. ஒரு டீயோட வாசனை ஒண்ணு இல்ல அத்தை, நூறு சேர்ந்தது. மிஷின் அதைப் பிரிச்சு ஒண்ணொண்ணா வெளில விடும். பாதி ஸ்கிரீன்ல கோடா ஏறும். பாதி ஒரு கண்ணாடிப் புனல் வழியா வரும். அந்தப் புனல்ல மூக்க வெச்சு ஒரு ஆள் நாப்பது நிமிஷம் உக்காரணும். வாசனை வந்தா பட்டனை அழுத்தி, என்ன வாசனைன்னு மைக்ல சொல்லணும். மிஷின் இருக்கறப்ப ஆள் எதுக்குன்னா, சில சமயம் கோடு உச்சிக்கு ஏறும், மோந்தா ஒண்ணும் இருக்காது. சில சமயம் கோடே தெரியாது, வாசனை ஆளத் தூக்கும். அது மூக்குக்குத் தான் தெரியும். எங்ககிட்ட மூணு மூக்கு. கணக்கு செக்ஷன் அண்ணன், பாட்டில் கழுவற அக்கா, அவ.

அவ முதல்ல பேக்கிங்ல தான் இருந்தா. ஒரு நாள் எல்லா செக்ஷன்லயும் மூக்கு டெஸ்ட் வெச்சோம், முப்பது குப்பி. நோட்டோட எதிர்ல உக்காந்தது நான். இருபத்தெட்டு சரியா சொன்னா. 'சார், நீங்க எத்தனை'ன்னு கேட்டா. ஒம்பதுன்னேன். 'அப்ப உங்க மூக்கு கண்ணாடி மாட்டற ஆணி தானா'ன்னா. அன்னிக்கே எனக்கு முடிஞ்சு போச்சு.

லேப்ல எல்லாரும் மூக்கின்னு தான் கூப்பிடுவாங்க. மத்தவங்க பூ, புல், எலுமிச்சைன்னு சொல்லுவாங்க. அவ பூ வாசனைய 'பவுடர் போட்ட கழுத்து'ம்பா. வெட்டின புல் வாசனைக்கு 'மைதானத்துல விழுந்து சிராய்ச்ச முட்டி'. மேனேஜரம்மா அவ சொன்னதையும் அப்படியே ரிப்போர்ட்ல சேர்க்கச் சொல்லிட்டாங்க. டீ விக்கறவங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுது.

இப்ப ரெண்டு மூக்கு தான். அவ நாற்காலிய யாரும் நகர்த்தல.

சொல்லணும்னு சொன்னது பெருசா ஒண்ணும் இல்ல. மறந்துடுங்க.

சாப்பிடறேன்.

உங்க மாப்பிள்ளை


மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்க ஊதா மஞ்சள் கதைய பெரியவளுக்குப் படிச்சுக் காட்டினேன். 'நான் அப்பவே சொன்னேன்'னா. அவ எதைத் தான் அப்பவே சொல்லல. கழுத்துல பவுடர்னு பாப்பா சொன்னதப் படிச்சுட்டு ரெண்டு பேரும் சிரிச்சோம். அது யார் கழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமா? என் கழுத்து. சின்ன வயசுல என் முதுகுல தொங்கிக்கிட்டே இருப்பா.

இன்னிக்கு நான் வேற ஒண்ணு எழுத உக்காந்திருக்கேன். எழுத்து கோணும், பொறுத்துக்கோங்க.

டிசம்பர்ல பாப்பா தனியா வந்து நாலு நாள் இருந்தாளே. ரெண்டாம் நாள் சாயங்காலம் அடுப்புல பால் வெச்சிருந்தேன். நான் உள்ள மிஷின்ல. அவ அடுப்புக்கு ரெண்டடில நின்னு போன் பார்த்துட்டு இருந்தா. பால் பொங்கி வழிஞ்சு, அடி பிடிச்சு, தெரு வரைக்கும் தீயற நாத்தம். ரெண்டு வீடு தள்ளி இருக்கற வாத்தியார் வந்து 'என்னக்கா தீயுது'ங்கறார். இவ அசையவே இல்ல. நான் ஓடி வந்து, 'மூக்கு அவிஞ்சு போச்சாடி உனக்கு? இந்த மூக்குக்கா சம்பளம் குடுக்கறாங்க?'ன்னு வாத்தியார் முன்னாடியே கத்தினேன். அடுப்ப அணைச்சா. சிரிச்சா. 'ஆமாம்மா, அவிஞ்சு தான் போச்சு'ன்னா. நான் எகத்தாளம்னு நெனச்சுட்டேன் மாப்பிள்ளை. கரிப் பாத்திரத்த அவ கையில குடுத்து, தேய்டின்னேன். ஒரு மணி நேரம் உக்காந்து தேய்ச்சா. 'போதும் விடுடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லல நான்.

போன வாரம் கால் கட்டு பிரிச்சாங்க. அங்க இருந்த டாக்டரம்மா என் முகத்தப் பார்த்துட்டு என்னம்மான்னு கேட்டாங்க. சொன்னேன், கட்டி இருந்த இடத்தையும் சொன்னேன். 'அந்த இடத்துல வந்தா முதல்ல வாசனை தானே போயிருக்கும், வீட்ல யாரும் கவனிக்கலயா'ன்னுட்டாங்க.

நான் கவனிச்சேன். கவனிச்சு, பாத்திரம் தேய்க்க விட்டேன்.

இருபத்தேழு ஸ்கூல் யூனிஃபார்ம் வெட்டினது வெட்டினபடி கிடக்கு. மிஷின்ல உக்காந்தா அவ தேய்க்கற சத்தம் கேக்குது. எம்பொண்ண நான் தான் முடிச்சேன்னு பெரியவகிட்ட சொன்னா, வாய மூடும்மாங்கறா.

உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் புரியல. வீட்ல நமக்குத் தெரியல, சரி. மூக்க வெச்சே வேலை பார்த்தவளுக்கு வாசனை போனா, அங்க ஒருத்தருக்குமா தெரியாமப் போகும்? நீங்க லேப்லயும் கூடத் தானே இருந்தீங்க. ஒருவேள கட்டி இருந்தும் வாசனை கடைசி வரைக்கும் நல்லாத் தான் இருந்துச்சோ, பால் அன்னிக்கு போன் பார்த்த மயக்கம் தானோ? அப்படின்னு நீங்க ஒரு வரி எழுதினா போதும். நம்பிட்டு மிஷின்ல உக்காந்துடுவேன்.

உங்க அத்தை


மார்ச் 9

அத்தைக்கு,

அந்த ஒரு வரிய நாலு நாளா எழுதிப் பார்த்தேன். சுலபமா வருது. அதான் பயமா இருக்கு. எழுதல.

நீங்க ஒரு தடவ பார்த்தீங்க. நான் அஞ்சு மாசமா பார்த்தேன்.

ஆகஸ்ட் 26. எலுமிச்சைப்புல் டீ. பதினேழாவது நிமிஷம் சிட்ரால் வரும், எலுமிச்சை வாசனையோட உயிரே அது தான். சளி பிடிச்சவனுக்குக் கூட தெரியும். கோடு ஸ்கிரீன் உச்சிக்குப் போச்சு. அவ பட்டனை அழுத்தல. அவ ரூமுக்கும் என் மேஜைக்கும் நடுவுல இருக்கற கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துல இருந்து பார்த்தேன். கண்ண மூடி, புனல்ல மூக்க வெச்சு உக்காந்திருந்தா. தூங்கறான்னு நெனச்சேன். சாயங்காலம் பைக்ல வரும்போது, 'நீ வேலைல தூங்கினா எனக்குத் தான் அசிங்கம்'னேன். 'தூங்கல. வாசனை வரல'ன்னா. 'வந்துச்சுன்னு மிஷின் சொல்லுதே'ன்னேன். 'அப்ப மிஷினையே கட்டிட்டு இருக்கலாம்ல'ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

செப்டம்பர்ல தெரிஞ்ச வாசனை அஞ்சு வந்துது, அஞ்சையும் தவறவிட்டா. அக்டோபர்ல பதினொண்ணையும்.

எங்க லேப்ல ஒரு விதி இருக்கு. தெரிஞ்ச வாசனைல மூணு தவறவிட்டா அந்த ஆளை நிறுத்தி, மூக்கு டாக்டர்கிட்ட அனுப்பணும். அதுக்கு ஒரு ஃபார்ம். கையெழுத்து போட வேண்டியது நான். என் மேஜை ரெண்டாவது டிராயர்ல ஒரு கட்டு இருந்தது. நான் எடுக்கல. அவளோட பழைய பதிவத் திறந்து, பழைய வார்த்தைய எடுத்து புது ரிப்போர்ட்ல போட்டேன். ஒரே வார்த்தை திரும்ப வந்தா மேனேஜரம்மா கேப்பாங்கன்னு, அப்புறம் அவ பேசற மாதிரி நானே எழுத ஆரம்பிச்சேன். 'ஈரச் சாக்பீஸ்'. 'மடக்கி வெச்ச குடை'. நவம்பர் மீட்டிங்ல மேனேஜரம்மா அதை சத்தமா படிச்சு, 'மூக்கி இந்த மாசம் கலக்கிட்டா'ன்னாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அவ தலைய திருப்பி என்னைப் பார்த்தா. நானும் கைதட்டினேன்.

ஏன் பண்ணினேன்னு கேப்பீங்க. அவளை பேக்கிங்ல இருந்து கொண்டு வந்தது நான். பொண்டாட்டிக்கு ஏசி ரூம்ல நாற்காலி போட்டுட்டான்னு ஏற்கனவே பேச்சு இருந்தது. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா என் முகத்துக்கு நேரா சிரிப்பாங்க. அது ஒண்ணு தான் காரணம். யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், இதை விடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கல. பெரிய காரணமா இருந்திருந்தா கூட பரவாயில்லன்னு தோணுது.

இதையும் படிங்க. உங்க வீட்ல இருந்து வந்த அன்னிக்கு, பையக் கூட இறக்கல, 'அம்மா வீட்ல பால் தீஞ்சது எனக்குத் தெரியலங்க, அம்மா கத்தினப்ப தான் பயம் வந்துச்சு, டாக்டர்கிட்ட போலாமா'ன்னு கேட்டா. 'சைனஸா இருக்கும், ஆவி பிடி. ஜனவரி ரிப்போர்ட் முடியட்டும், போலாம்'னேன். டாக்டர்னு போனா ஃபார்ம் வரும், ஃபார்ம் வந்தா பழைய ரிப்போர்ட் எல்லாம் வெளில வரும். ரிப்போர்ட் குடுக்க வேண்டிய தேதி ஜனவரி 30. அவ போனது 26.

நீங்க கத்தினதால தான் அவ டாக்டர்னு வாயெடுத்தா. மூடினது நான். பாத்திரத்துக்காக நீங்க அழாதீங்க அத்தை. அது உங்களோடது இல்ல.

ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் கேட்டார், வாசனைல ஏதாவது மாற்றம் இருந்துதான்னு. ஸ்ட்ரெச்சர்ல அவ எனக்கும் அவருக்கும் நடுவுல படுத்திருந்தா. இல்லைன்னேன். அவ என்னைத் திருத்தல.

மேனேஜரம்மாகிட்ட முந்தாநேத்து போய்ச் சொல்லிட்டேன். அஞ்சு டீயோட ரிப்போர்ட்டத் திரும்ப வாங்கறாங்க. என்னை இனிமே வர வேண்டாம்னாங்க. இதை உங்ககிட்ட சொல்றது, தண்டனை கிடைச்சாச்சுன்னு காட்டறதுக்கு இல்ல. அது ஒரு தண்டனையே இல்ல.

இப்படிக்கு


மார்ச் 16

மேல பேரு எழுதல. மாப்பிள்ளைன்னு எழுத கை வரல. வேற எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியல.

பெரியவ லெட்டரப் படிச்சுட்டு உங்களை உரிச்சுத் தொங்கவிடணும்னு கிளம்பினா. அவ புருஷன் தான் பிடிச்சு உக்கார வெச்சார். நான் ரெண்டு நாள் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன், சுவத்தப் பார்த்து. இவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும்னு எனக்கே தெரியாது. நீங்க கல்யாணச் சட்டைக்கு அளவு குடுக்கத் தெரியாம கையத் தூக்கிட்டு நின்னது ஞாபகம் வந்து, அதுக்கும் சேர்த்துத் திட்டினேன்.

மூணாம் நாள் மிஷின்ல உக்காந்தேன். தேய்க்கற சத்தம் கேக்கல. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணுமோ? சொல்ல மாட்டேன். ஒரு மாசம் என்னை அழ விட்டுட்டு, நம்பற மாதிரி 'ஒண்ணும் இல்ல, மறந்துடுங்க'ன்னு எழுதினீங்களே. எம்பொண்ணுகிட்டயும் இப்படித் தானே, சைனஸ்னு.

ரெண்டு விஷயம்.

அந்த ரிப்போர்ட்ல எது அவ சொன்னது, எது நீங்க எழுதினது? பவுடர் போட்ட கழுத்து அவளோடதா? அது உங்களோடதுன்னா நான் தாங்க மாட்டேன். எம்பொண்ணு வாயில இருந்து வந்தது மட்டும் எனக்கு வேணும். கலப்படம் இல்லாம.

அடுத்தது. பேப்பர்ல எழுதறது சுலபம், பிடிக்கலன்னா கிழிச்சுட்டு வேற எழுதலாம். நாலு நாள் எழுதிப் பார்த்தேன்னு நீங்களே சொல்றீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் போன் பண்ணுவேன். எடுங்க. எழுதினதெல்லாம் உங்க வாயால சொல்லுங்க, நான் கேக்கணும். அப்புறம் நான் சொல்றத நீங்க கேக்கணும். என்ன சொல்லுவேன்னு எனக்கே இப்ப தெரியல.

பாப்பாவோட அம்மா


மார்ச் 22, ஞாயிறு

அத்தைக்கு,

வேற எப்படி எழுதறதுன்னு எனக்கும் தெரியல. இந்த ஒரு தடவ.

மணி ஒம்பது பத்து.

பவுடர் போட்ட கழுத்து அவளோடது தான். போன வருஷம் ஏப்ரல் 4. குரல் பதிவு இருக்கு. சொல்லிட்டு அவளே சிரிக்கறா.

மேனேஜரம்மா எல்லாப் பதிவையும் ஒரு மெமரி கார்டுல போட்டுக் குடுத்தாங்க. பாட்டில் கழுவற அக்கா கொண்டு வந்தாங்க. உள்ள வரல. வாசல்ல நின்னே குடுத்துட்டு, 'எனக்கு அக்டோபர்லயே தெரியும் சார், நீங்க பார்த்துப்பீங்கன்னு இருந்துட்டேன்'னாங்க. அழுதாங்க. நான் கதவப் பிடிச்சுட்டு நின்னேன்.

கார்ட இந்தக் கவர்ல வெச்சிருக்கேன். உங்க பெரிய பொண்ணு வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டா கேக்கும். முன்னூத்திப் பன்னெண்டு வார்த்தை அவளோடது. எல்லாத்தையும் திரும்பக் கேட்டு, தேதியோட தனியா எழுதி வெச்சிருக்கேன், ஆறு பக்கம். துளசிக்கு 'பல் டாக்டர் வீட்டு வாசப்படி'. சாமந்திக்கு 'வெயில்ல விட்ட தலகாணி'. புதினால ஒரு சின்ன வாசனை வரும், கோடே இருக்காது, மத்த ரெண்டு பேருக்கும் தெரியாது, அவ மட்டும் 'புது செருப்பு, இடது கால்'னா. ஏன் இடது கால்னு கேட்டேன். வலது கால் வேற மாதிரி இருக்கும்னா. கேலி பண்றாளா நிஜமான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல.

அது ஆகஸ்ட் 19. அதோட முடியுது. சாக்பீஸ், குடை, 'மழைக்கு முன்னாடி மொட்டை மாடி', 'கழட்டி வெச்ச கைக்கடிகாரம்', இதெல்லாம் என்னோடது. வேற எங்கயாவது பார்த்தீங்கன்னா அடிச்சுடுங்க. மொத்தம் நாப்பத்தி மூணு, கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்.

ஆகஸ்ட் 19க்கு அப்புறம் இருக்கற பதிவுல பேச்சு இல்ல. மூச்சு மட்டும் தான். நாப்பது நிமிஷம் இழுத்து இழுத்துப் பார்க்கறா. அதையும் கார்டுல விட்டு வெச்சிருக்கேன், எடுக்கல. கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம். நவம்பர் 12ல மட்டும், முப்பத்தி மூணாவது நிமிஷம், மெதுவா 'ஏங்க, எனக்கு இன்னும் ஒண்ணும் வரலங்க'ன்னு சொல்றா. மைக் லேப்போடது. அவ என்னைத் தான் கூப்பிட்டா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஹெட்போன் மாட்டிட்டு இருந்தேன். எனக்குக் கேட்டுது. அந்த நிமிஷத்துக்கு நேரா நான் எழுதினது தான் மொட்டை மாடி.

நீங்க கேட்ட முதல் விஷயம் முடிஞ்சுது. ரெண்டாவது முடியல அத்தை.

காலைல இருந்து சொல்லிப் பார்த்துட்டு இருக்கேன், சுவத்தப் பார்த்துத் தான். ஆகஸ்ட் 26ன்னு ஆரம்பிச்சா சிட்ரால் வரைக்கும் வருது, அதுக்கு மேல போகாம திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கறேன். அது ஒரு சாக்கு. நீங்க திட்டறதுக்குப் பயந்தும் இல்ல. திட்டினா நின்னு கேப்பேன், உங்க பெரிய பொண்ணு வந்து உரிச்சாலும் நிப்பேன். உங்க குரல் அப்படியே அவ குரல். அந்தக் குரல்ல திட்டி முடிச்சுட்டு, 'சரி, விடுங்க'ன்னு சொல்லிடுவீங்களோன்னு தான். நீங்க சொல்லக் கூடியவங்க. அது என் காதுல விழுந்துடக் கூடாது.

நீங்க நாற்காலிய இழுத்துப் போட்டு, கண்ணாடி மாட்டி, நம்பர ஒண்ணொண்ணா அழுத்துவீங்க. ரெண்டு மூணு தடவ பண்ணுவீங்க. பண்ணாதீங்க. காலு வீங்கும், போய்ப் படுங்க.

மணி ஒம்பது அம்பத்தெட்டு. போனை ஆஃப் பண்ணிட்டேன்.